சந்தையில் பெரிய கிடா, வீட்டில் சிறிய குட்டி

கால்நடைப் பகுதி: வாசகர் கேள்விகள்

கோவில்பட்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதினெட்டு பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறார், எல்லாம் கன்னி ஆடுகள். சென்ற ஆண்டு புரட்டாசியில் சந்தைக்குப் போய், காதுக் கம்மலை அடகு வைத்த பணத்தில் 27,000 ரூபாய்க்கு ஒரு பால்கன்னிக் கிடா வாங்கினார். ஒரு வயதுக் கிடா, எடை 32 கிலோ. அவர் ஊரில் அதே வயதுக் கிடாக்கள் 22 கிலோவைத் தாண்டுவதில்லை. மாசியில் குட்டிகள் விழுந்தன. இருபது குட்டிகள் பிழைத்தன. மூன்றாம் மாதம் தூக்குத் தராசில் நிறுத்தபோது சராசரி எட்டரை கிலோ. முந்தைய ஆண்டு பழைய கிடாவுக்குப் பிறந்த குட்டிகள் அதே வயதில் எட்டு கிலோ இருந்தன. இந்தக் கணக்கெல்லாம் அவருடைய மகள் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தது.

"அரைக் கிலோவுக்கா கம்மலை அடகு வைத்தோம்? கிடாவை விற்றுவிடலாமா? இப்போது ஒருவர் வந்து, ஜீன் டெஸ்ட் செய்த தலைச்சேரிக் கிடாக்குட்டி தருகிறேன், வளர்ச்சி மரபணு இருக்கிறது என்று சான்று காட்டுகிறார். அதை நம்பலாமா?" இதுதான் கேள்வி. இதே பொருளில் வேறு மூன்று கடிதங்களும் வந்துள்ளன. அவற்றில் யாரும் எடை எழுதவில்லை. எடை எழுதிய இந்தக் கடிதத்துக்கு விரிவாகப் பதில் சொல்வதே முறை.

முதலில் அந்த அரைக் கிலோ. வாசகி ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார். கணக்குப் பார்த்தால் அந்தக் கிடா கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறது.

ஒரு கிடாவின் 32 கிலோ எடைக்குப் பின்னால் பல கைகள் இருக்கின்றன. அது ஒற்றைக் குட்டியாகப் பிறந்து தாய்ப்பால் முழுவதையும் குடித்திருக்கலாம். வளர்த்தவர் கடலைப் பிண்ணாக்கும் கொள்ளும் அகத்தியும் வைத்திருக்கலாம். குடற்புழு மருந்து காலத்தில் கொடுத்திருக்கலாம். மழை பெய்து காடு பசுமையாக இருந்த பருவத்தில் பிறந்திருக்கலாம். இவை எதுவும் குட்டிக்குப் போகாது. பிண்ணாக்கு தின்ற உடம்பு கிடாவோடு நின்றுவிடும். அதன் விந்தில் போவது மரபணு மட்டுமே.

வெள்ளாட்டில் உடல் எடையைப் பொறுத்தவரை, ஒரே கூட்டத்தில் ஆட்டுக்கு ஆடு தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் மரபு வழியில் வருவது. இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ப இது கூடும், குறையும். பொதுவாகப் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கும். மீதியெல்லாம் தீவனம், பால், நோய், பருவம். இப்போது அந்தக் கிடாவைப் பார்க்கலாம். ஊர்க் கிடாவை விட 10 கிலோ அதிகம். அதில் நான்கில் ஒரு பங்கு இரண்டரை கிலோ. குட்டிக்கு மரபணுவில் பாதி தகப்பனிடமிருந்து, பாதி தாயிடமிருந்து. தாய் ஆடுகள் பழைய ஆடுகளே. ஆகவே தகப்பன் வழியாகக் குட்டிக்குச் சேருவது ஒன்றேகால் கிலோ. அதுவும் ஒரு வயது எடையில். மூன்றாம் மாதத்தில் அதைக் கணக்கிட்டால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். வாசகியின் மகள் நோட்டில் எழுதியிருப்பது அரைக் கிலோ. சென்ற ஆண்டை விட இந்த ஆண்டு மேய்ச்சல் நன்றாக இருந்திருந்தால் அதிலும் ஒரு பகுதி மழையின் கொடை. இரண்டு கிடாக்களின் குட்டிகளும் ஒரே பருவத்தில் ஒரே காட்டில் மேய்ந்தால்தான் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியும்.

ஒன்றேகால் கிலோ சின்னத் தொகை போலத் தெரியும். இருபது குட்டிகளுக்கு ஒரு வயதில் 25 கிலோ உயிர் எடை. கிலோ 400 ரூபாய் என்று வைத்தாலும் 10,000 ரூபாய். இரண்டு ஈத்துக் குட்டிகளில் 20,000. கடைசியில் கிடாவையே கறிக்கு விற்றாலும் ஒரு தொகை நிற்கும். இதை விட முக்கியமானது, அதன் பெட்டைக்குட்டிகள் பட்டியில் தங்கி, அந்த நல்ல மரபணுவில் பாதியைத் தங்கள் குட்டிகளுக்குக் கொடுக்கப் போகின்றன. வாங்கிக் கொட்டிய தீவனத்தின் பலன் அந்த ஆண்டோடு முடியும். கிடாவின் பலன் அதன் பேத்திகள் வரை வரும். ஆகவே கிடாவை நஷ்டமென்று விற்க வேண்டியதில்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக அது அந்தப் பட்டியில் அதிக நாள் இருக்கவும் கூடாது. அது பின்னால் வருகிறது.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் வாசகி போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஆடியில் அம்மன் கோயில் கொடைக்கு நல்ல கிடாக்குட்டிகள் இரண்டும் நல்ல விலைக்குப் போய்விட்டன." எடைக் கணக்கைப் பார்த்தால் அந்த இரண்டும்தான் இருபதில் முதலும் இரண்டாவதும். பட்டியில் இப்போது இருக்கும் கிடாக்குட்டிகள் அவற்றுக்குப் பின்னால் வந்தவை.

கரிசல் காட்டில் மட்டும் நடப்பதல்ல இது. ஆடிக் கொடை, பக்ரீத், தீபாவளி என்று வியாபாரி வரும்போதெல்லாம் அவர் கண் போவது நன்றாக வளர்ந்த கிடாக்குட்டி மேல். ஐந்து மாதத்தில் அது போய்விடும். வளராத குட்டி விலை போகாமல் பட்டியிலேயே நிற்கும். கிடாக்குட்டி நான்கைந்து மாதத்திலேயே பெட்டை மேல் ஏறத் தொடங்கிவிடும். பிறகு என்ன, ஊர் ஆடுகளுக்கெல்லாம் அந்த நோஞ்சான்தான் மாப்பிள்ளை. ஒரு ஆண்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. இருபது ஆண்டு நடந்தால் "அந்தக் காலத்து ஆடு மாதிரி இப்போது ஆடு இல்லை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழையும் மேய்ச்சல் நிலமும் குறைந்ததும் காரணம்தான். ஆனால் நல்லதை வெட்டுக்கும் நலிந்ததை வித்துக்கும் விட்டதும் காரணம். நெல்லில் யாரும் இப்படிச் செய்வதில்லை. விதைக்கென்று நல்ல கதிரைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் மீதி களத்துக்கு வரும்.

பணம் தேவைப்படும் வீட்டில் நல்ல குட்டியை விற்காதே என்று சொல்வது எளிது. வியாபாரி கையில் 12,000 ரூபாய் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது அது நடக்காது. நடக்கக்கூடியது ஒன்று உண்டு. ஒரே ஊரில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, எல்லோருடைய குட்டிகளிலும் எடைப்படி முதலில் வரும் இரண்டை மட்டும் விற்காமல் நிறுத்துவது. குட்டிக்குச் சொந்தக்காரருக்கு வியாபாரி கேட்ட விலையில் ஒரு பகுதியை மற்றவர்கள் முன்பணமாகப் போட்டுக் கொடுப்பது. பிறகு சேர்க்கைக்கு வரும் ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு கூலி வைத்து அந்தப் பணத்தைக் கழிப்பது. ஒரு கிடா 20 முதல் 30 பெட்டைகள் வரை பார்த்துக்கொள்ளும். ஐந்தாறு வீட்டு ஆடுகளுக்கு இரண்டு கிடா போதும். மகளிர் குழு இருக்கும் ஊரில் இது இன்னும் எளிது, கணக்கு எழுத ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

மீதிக் கிடாக்குட்டிகளை நான்காம் மாதத்தில் பெட்டைகளிடமிருந்து பிரிக்க வேண்டும். கறிக்கு வளர்ப்பவற்றை இரண்டு, மூன்று மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ கருவியால் காயடித்துவிடலாம். கோயிலுக்கு நேர்ந்த கிடாவையும் பக்ரீத்துக்கு வளர்ப்பதையும் காயடிக்க முடியாது, வாங்குபவர் ஏற்கமாட்டார். அவற்றுக்குப் பிரித்துக் கட்ட இடமில்லையென்றால், கீதாரிகள் வழக்கமாகச் செய்வது போல வயிற்றுக்குக் குறுக்கே சாக்குத் துணி கட்டி மேய்ச்சலுக்கு விடலாம். துணியைத் தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சிறுநீர் பட்டுப் புண்ணாகும்.

இனி வளர்ச்சி மரபணு. வாசகி அனுப்பிய சான்றின் நகலில் வளர்ச்சி ஹார்மோன் மரபணு என்று ஒரு வரி இருக்கிறது. அப்படி ஒரு மரபணு இருப்பது உண்மை. ஆனால் அது எல்லா ஆட்டிலும் இருக்கிறது, நோஞ்சானிலும் இருக்கிறது. வித்தியாசம் எழுத்துகளில்.

வெள்ளாட்டின் ஒவ்வொரு உயிரணுவிலும் 60 குரோமோசோம்கள், 30 ஜோடிகளாக உள்ளன. அவற்றில் எழுதியிருக்கும் டி.என்.ஏ. எழுத்துகள் ஏறக்குறைய 290 கோடி. இரண்டு ஆடுகளை ஒப்பிட்டால் பெரும்பாலான எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். லட்சக்கணக்கான இடங்களில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருக்கும். அதில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பாதிப்பும் செய்வதில்லை. சில இடங்களில் எழுத்து மாறினால் ஹார்மோன் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ சுரக்கும். கல்லீரலிலிருந்து வரும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின், தசை அளவுக்கு மீறிப் பெருக்காமல் பிடித்து நிறுத்தும் மயோஸ்டாட்டின், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை இயக்கும் மரபணுக்கள் என்று ஒரு கூட்டமே வளர்ச்சியில் பங்கு கொள்கிறது. குட்டிக்கு ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வருகிறது. எது வரும் என்பது சீட்டுக் குலுக்கல். ஒரே ஈத்தில் பிறந்த இரட்டைக்குட்டிகளில் ஒன்று வளர்வதும் ஒன்று வளராததும் இதனாலும்தான். வெள்ளாட்டு இரட்டைகள் பெரும்பாலும் இரண்டு முட்டைகளிலிருந்து வருபவை. ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பி, அவ்வளவே.

இந்தியாவிலும் சீனாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட எழுத்து மாற்றங்களைத் தேடி, எடையோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த எழுத்து உள்ள ஆடுகள் அந்த எழுத்து உள்ளவற்றை விடச் சற்று அதிக எடை என்று கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. அது பயனுள்ள வேலை. ஆனால் ஒரு இனத்தில் கண்ட தொடர்பு மற்றொரு இனத்தில் பல நேரம் தெரிவதில்லை. காரணம், எழுத்து மாறிய அந்த இடமே வேலை செய்வதாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் வேலை நடக்க, வாசலில் நிற்பவனைப் பார்த்து இவன்தான் செய்தான் என்பது போல ஆகிவிடும். வேறொரு இனத்தில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் இருக்கமாட்டான். இன்னொரு காரணம், எடை என்பது நூற்றுக்கணக்கான சிறு துண்டுகள் சேர்ந்து வருவது. ஒரு துண்டைப் பார்த்து முழுக் கிடாவை விலை பேச முடியாது.

ஒற்றை மரபணு பெரிய வேலை செய்யும் இடங்களும் உண்டு. பெல்ஜியன் புளூ மாட்டில் மயோஸ்டாட்டின் மரபணு பழுதாகி, தசை இரட்டிப்பாகப் பருத்திருக்கிறது. அதற்கு விலையாகக் கன்று போடுவதே கடினமாகி, அந்த இனத்தில் வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுப்பது வழக்கமாகிவிட்டது. செம்மறியில் ஒரு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. வங்கத்தின் கரோல் ஆட்டில் இருக்கும் ஒரு மரபணு மாற்றம் இரட்டைக்குட்டி தருகிறது. மகாராஷ்டிரத்தில் பல்டண் ஊரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதைத் தக்காணச் செம்மறிக்குக் கொண்டுவந்து நாரி சுவர்ணா என்ற ஆட்டை உருவாக்கினார்கள். அங்கே ரத்தப் பரிசோதனை செய்து கிடாவைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இருக்கிறது. ஒரு மரபணு, ஒரு பெரிய பலன். வெள்ளாட்டின் எடைக்கு அப்படி ஒரு சாவி விவசாயி கைக்கு இன்னும் வரவில்லை.

சில நாடுகளில் கறவை மாடுகளுக்கும் பால் ஆடுகளுக்கும் டி.என்.ஏ. முழுவதிலும் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்துத் தரம் சொல்கிறார்கள். அது நடக்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஆயிரமாயிரம் கால்நடைகளின் பால், எடைப் பதிவுகள் பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தைப் படிக்கக் கருவி போதும். எந்த எழுத்து எத்தனை கிலோ என்று சொல்லத் தராசும் நோட்டும் வேண்டும்.

ஆகவே சான்று காட்டுபவரிடம் வாசகி கேட்க வேண்டியவை இவை. அந்தக் குட்டி ஒற்றையா, இரட்டையா? பிறந்த எடை, மூன்று மாத எடை என்ன? தாய்க்கு எத்தனையாவது ஈத்து, முந்தைய ஈத்துகளில் எத்தனை குட்டி பிழைத்தது? அதே தகப்பனுக்குப் பிறந்த மற்றக் குட்டிகள் எப்படி வளர்ந்திருக்கின்றன? நேரில் பார்க்க முடியுமா? இதற்குப் பதில் இருந்தால் சான்றே தேவையில்லை. பதில் இல்லையென்றால் சான்று வெறும் காகிதம். அந்தக் காகிதத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். நல்ல தலைச்சேரி வேண்டுமென்றே முடிவு செய்தால், காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் போன்ற, எடைப் பதிவு வைத்திருக்கும் இடங்களில் விசாரித்து முன்பதிவு செய்து காத்திருப்பது நல்லது. காத்திருக்க வேண்டிவரும் என்பது உண்மை.

எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பட்டியில் பெரிய குட்டியை நிறுத்து என்றால், எல்லோரும் ஒற்றைக் குட்டியைத்தான் நிறுத்துவார்கள். வயிற்றில் தனியாக இருந்தது, பாலும் தனியாகக் குடித்தது, பெரிதாகத்தான் இருக்கும். கன்னி ஆட்டின் பெருமையே இரட்டைக்குட்டி. தொடர்ந்து ஒற்றையை நிறுத்திக்கொண்டே போனால் குட்டி எடை சற்றுக் கூடி, குட்டி எண்ணிக்கை குறைந்துவிடும். மூன்று மாதத்தில் 10 கிலோ ஒற்றைக் குட்டி ஒன்று தரும் ஆட்டை விட, எட்டும் ஏழுமாக இரண்டு குட்டி தரும் ஆடு வீட்டுக்கு 15 கிலோ தருகிறது. அதனால் ஒற்றையை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் ஒப்பிட வேண்டும். இரட்டையில் பிறந்தும் நன்றாக வளர்ந்த குட்டியே முதல் தேர்வு. தலையீத்துக் குட்டியை நான்காம் ஈத்துக் குட்டியோடு வைத்துப் பார்ப்பதும் நியாயமில்லை. தலையீத்தில் தாய்க்குப் பால் குறைவு. மாசியில் பிறந்ததைக் கார்த்திகையில் பிறந்ததோடும் ஒப்பிடக் கூடாது.

நோட்டில் எழுத வேண்டியது அதிகமில்லை. காது வில்லை எண் அல்லது அடையாளம், பிறந்த தேதி, தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா, பிறந்த அன்றைய எடை, 90-ஆம் நாள் எடை, 180-ஆம் நாள் எடை. தூக்கிப் பார்த்து எடை சொல்லும் திறமைசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும்போது ஒரு எடையும் விற்கும்போது ஒரு எடையும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கடையில் பயன்படும் தொங்கு தராசும் ஒரு கோணிப் பையும் போதும். நிறுப்பதைக் காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன் செய்ய வேண்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்த ஆட்டை நிறுத்தால் புல்லையும் சேர்த்து நிறுத்ததாகும்.

இன்னொரு வாசகர், திண்டுக்கல் பக்கம், கேட்டிருக்கிறார்: "போயர் கிடாவைக் கலந்தால் ஒரே தலைமுறையில் எடை கூடுமே, ஏன் சிரமப்பட வேண்டும்?"

கூடும். மறுப்பதற்கில்லை. போயர் என்பது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் கறிக்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடு. 1959-இல் அங்கே வளர்ப்போர் சங்கம் வைத்து, இன்னின்ன இலக்கணம் உள்ளதுதான் போயர் என்று வரையறுத்தார்கள். நன்கு வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். ஆனால் அந்த மரபணு கேட்பது அந்த அளவுத் தீவனம். கொட்டிலில் கட்டி, பசுந்தீவனமும் வேலிமசாலும் அடர்தீவனமும் வைக்கக்கூடியவருக்குப் போயர் கலப்பு பொருந்தும். சித்திரை வெயிலில் வேலிக்கருவை நெற்றையும் காய்ந்த கொழையையும் தின்று எட்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய பட்டியில் பெரிய உடம்பு ஒரு சுமை. கலப்புக் குட்டி அங்கே வளர்ச்சிக்கான மரபணுவைச் சும்மா சுமந்துகொண்டு திரியும். சிறிய உடம்புள்ள தலையீத்துப் பெட்டைக்குப் போயர் கிடாவைச் சேர்ப்பது குட்டி ஈனும்போது ஆபத்து. முதல் கலப்பில் வந்த கிடாக்குட்டியையே பொலிகிடாவாக வைப்பதும் தவறு. அதன் குட்டிகளில் சீட்டுக் குலுக்கல் முழுவதும் நடந்து, ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று வரும். கலப்புக் குட்டி கறிக்கு, பொலிகிடா தூய இனத்தில் என்று வைத்துக்கொள்வதே கணக்கு.

இதில் வேறொரு கவலையும் இருக்கிறது. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கன்னி. வெள்ளையில் கருப்பு அல்லது சிவப்புப் பொறி தெளித்த, நெட்டையான, செம்மறி மந்தைக்கு முன்னால் நடக்கும் கொடி ஆடு தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம். முழுக் கருப்பான சேலம் கருப்பு சேலம், தருமபுரிப் பக்கம். இவை மூன்றும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவள அமைப்பில் பதிவான இனங்கள். வறட்சியையும் வெயிலையும் தாங்கும் எழுத்துகள் இவற்றின் உடம்பில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் கண்ட கிடாவையும் கலந்துவிட்டால், பிறகு தூய கன்னிக் கிடா வேண்டுமென்று தேடும்போது கிடைக்காது. இப்போதே பல ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கேள்வி சுருக்கமானது. "கொம்பில்லாத மோழை ஆடு சண்டை போடாது, நன்றாக வளரும் என்று மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டைகளையுமே வைத்திருக்கிறேன். சில குட்டிகள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஏன்?" கொம்பில்லாமை தரும் மரபணு மாற்றத்தோடு இன்னொரு குறையும் ஒட்டியிருக்கிறது. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெறும் பெட்டைக்குட்டி ஆண் குறிகளோடு வளர்ந்து மலடாகிவிடும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2001-இல் அந்தக் குறை டி.என்.ஏ.வில் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். தீர்வு எளிது. இரண்டில் ஒன்று கொம்புள்ளதாக இருக்கட்டும். மோழைப் பெட்டைகளுக்குக் கொம்புள்ள கிடா. இப்போது பிறந்திருக்கும் அந்தக் குட்டிகள் கறிக்குத்தான் ஆகும், அவற்றைப் பெட்டை என்று யாருக்கும் விற்க வேண்டாம்.

மறுபடி கோவில்பட்டி வாசகிக்கு வருவோம். அவருடைய கிடா அதிக நாள் இருக்கக் கூடாது என்று சொன்னதன் காரணம் இதுதான். மாசியில் பிறந்த அதன் பெட்டைக்குட்டிகளுக்கு இப்போது ஏழு மாதம். இன்றோ நாளையோ பருவத்துக்கு வரும். தகப்பன் அதே பட்டியில் அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது. தகப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியில், மரபணு ஜோடிகளில் நான்கில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே நகலாகிவிடும். மறைந்திருந்த குறைகள் அப்போது வெளியே வரும். பிறந்த எடை குறையும், குட்டி சாவது கூடும், பெட்டைகள் சினை பிடிப்பதும் தாமதமாகும். ஒரு தாய் வேறு தகப்பன், அல்லது ஒரு தகப்பன் வேறு தாய் என்ற உறவில் எட்டில் ஒரு பங்கு, அதுவும் வேண்டாததே. 27,000 ரூபாய் கொடுத்துச் சேர்த்த ஒன்றேகால் கிலோவை இந்த ஒரு தவறு தின்றுவிடும்.

ஏழு மாதக் குட்டிக்குச் சேர்க்கை எப்படியும் சீக்கிரம்தான். இருபது கிலோவை நெருங்கும் வரை காத்திருப்பது தாய்க்கும் குட்டிக்கும் நல்லது. எனவே இந்த வாரமே கிடாவைத் தனியே கட்ட வேண்டும். மூத்த பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது, இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை வரும், ஒரு நாள், ஒன்றரை நாள் நிற்கும், அப்போது மட்டும் கிடாவிடம் கொண்டு விடலாம். மகள்களுக்கு வேறு கிடா வேண்டும். வாசகியின் கடிதத்தின் ஓரத்தில், பக்கத்து ஊர் உறவினர் ஒருவரும் அதே சந்தையில் வேறொருவரிடம் ஒரு செங்கன்னிக் கிடா வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். இரண்டு கிடாவும் ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல என்று உறுதி செய்துகொண்டு, மூத்த பெட்டைகள் இந்த முறை சினையானதும் இரண்டு வீட்டாரும் கிடாக்களை மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் முன் இரண்டுக்கும் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, வந்த கிடாவை மூன்று வாரம் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். அது வரை அந்தப் பள்ளிக்கூட நோட்டில் கிடா மாறிய தேதிக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம்.